63-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது உங்கள் நாவல்

கேள்வி: 19 வருடமாக ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். முதலில் கடலுக்குள் இருக்கும் எண்ணெய்த் தளங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடும் வேலை, கடந்த எட்டு வருடமாக ஏர் ஆம்புலன்ஸ். ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 1,80,000 வார்த்தைகள். 11 பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்பது இடத்திலிருந்து பதிலே இல்லை, ஒரு இடத்தில் 'எங்களுக்குப் பொருந்தவில்லை' என்று ஒரே வரி, இன்னொருவர் நான் பணம் கட்டினால் உடனே அச்சிடலாம் என்கிறார். கூட வேலை செய்யும் பைலட்டுகள் படித்துவிட்டுப் பிரமாதம் என்கிறார்கள். என் மனைவியால் 40 பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எனக்கு வாசகர்களும் வேண்டும், பதிப்பாளரும் வேண்டும். எங்கே தொடங்குவது? முதல் 100 பக்கங்களையும், பதிப்பகங்களுக்கு எழுதிய கடிதம், அவர்கள் பட்டியல், வந்த பதில்கள் ஆகியவற்றையும் இணைத்திருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் பிரதியைக் கொடுக்கக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. பெயர் வேண்டாம், நிறுவனத்துக்குத் தெரியக்கூடாது. நாவலில் வரும் விபத்து கொஞ்சம் நடந்ததுதான்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவியிடமிருந்தே தொடங்கலாம். அவர் 40 பக்கத்தில் நிறுத்தியதை நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதுவரை உங்கள் நாவலைப் பற்றி உங்களுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான தகவல் அதுதான். 22 வருடமாக நாவல்களுக்கு எடிட்டராக இருக்கிறேன், உங்கள் 100 பக்கங்களை இரண்டு முறை படித்தேன், நானும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் தடுக்கி நின்றேன்.

அதற்காக உங்கள் சக பைலட்டுகள் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. காரணம், நீங்கள் எழுதாமல் விட்டதை அவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறார்கள். 17-ஆம் பக்கத்தில் 'சிப் லைட் எரிந்தது' என்று ஒரு வரி. அதைப் படிக்கும் பைலட்டுக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் கியர்பாக்ஸ் எண்ணெயில் இருக்கும் காந்தத்தில் இரும்புத் துகள் ஏதோ வந்து ஒட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அது வெறும் தூசு மாதிரியான துகளாக இருக்கலாம், இல்லை உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்துகொண்டிருக்கலாம், தரையில் இறங்கித் திறந்து பார்க்கும்வரை எது என்று தெரியாது. உங்கள் மனைவிக்கு அந்த வரியில் தெரிவது ஒரு விளக்கு எரிந்தது என்பது மட்டும்தான். இந்த இரண்டு வாசிப்புக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடப்பதுதான் இனி உங்களுக்கு இருக்கும் வேலை. பதிப்பாளர் தேடுவது அதற்கு அப்புறம்.

சரி, 63-ஆம் பக்கத்துக்கு வருகிறேன். அதைப் படிக்கும்போது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரவு ஒன்றரை மணிக்கு அழைப்பு வருகிறது. உங்கள் நாயகன் வெளியே வந்து பார்க்கிறான், விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது, வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) நடுவே ஒரு டிகிரிதான் வித்தியாசம், மூடுபனி இறங்கப் போகிறது. முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படுக்கிறான். நோயாளி யார், என்ன வயது, எவ்வளவு மோசமான நிலை என்று எதுவுமே அவனிடம் சொல்லப்படவில்லை. உங்கள் தொழிலில் பல இடங்களில் இது வழக்கம் என்று எனக்குத் தெரியும், குழந்தை என்று தெரிந்தால் வானிலையைப் பார்க்கும் கண் மாறிவிடும் என்பதால் பைலட்டிடம் நோயாளியைப் பற்றிச் சொல்வதில்லை. காலையில்தான் அவனுக்குத் தெரிகிறது, அவன் மறுத்த அதே அழைப்பு இன்னொரு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது, ஏற்கெனவே ஒருவர் மறுத்துவிட்டார் என்ற விஷயம் அவர்களிடம் சொல்லப்படவே இல்லை, அவர்கள் கிளம்பியிருக்கிறார்கள், திரும்பவில்லை.

நண்பரே, இதுதான் உங்கள் நாவல். சரியான முடிவை எடுத்தவன், அந்த முடிவு சரி என்பதற்கு மூன்று பேரின் சாவைத் தவிர வேறு சான்று இல்லாதவன், மறுநாள் மறுபடி டியூட்டிக்கு வருகிறான். நான் மறுத்துவிட்டேன் என்று அவர்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்ற ஒரே எண்ணத்தோடு அவன் மிச்ச வாழ்க்கையை வாழ வேண்டும். ஹெலிகாப்டரைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இது புரியும். தன் கடமை முடிந்தது என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போன அனுபவம் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உண்டு.

இதற்கு முன்னால் 62 பக்கங்கள் இருக்கின்றன. பயிற்சிக் காலம், முதல் தனிப் பறத்தல், எண்ணெய்த் தள வாழ்க்கை, பறப்பதற்கு முன் செய்யும் பரிசோதனை மட்டுமே ஒன்பது பக்கம். அந்த ஒன்பது பக்கத்தை நீங்கள் எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறீர்கள் என்று வரிக்கு வரி தெரிகிறது, அதனால் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அவை போக வேண்டும். நாவல் அந்த விளக்குக் கம்பத்திலிருந்து தொடங்கட்டும். முந்தைய வாழ்க்கையில் எது இல்லாமல் கதை நடக்காதோ அது மட்டும் பின்னால் தானாக இடம் தேடிக்கொண்டு வரும். வராதது தேவைப்படாதது.

இதைச் சொன்னவுடன் தொழில்நுட்பத்தையே எடுத்துவிடச் சொல்கிறேன் என்று புரிந்துகொள்ள வேண்டாம். நேர்மாறாக, இந்தத் தொழில் தெரிந்த ஒருவரால் மட்டும் எழுத முடிகிற நாவல் என்பதுதான் உங்கள் பலம். 28-ஆம் பக்கத்தில் ஒற்றை எஞ்சின் இயந்திரத்தில் எஞ்சின் நின்றுபோகும் காட்சியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியிருப்பது: 'எஞ்சின் செயலிழந்தது. ரோட்டர் ஆர்.பி.எம். குறைந்தது. அவன் கலெக்டிவை முழுதாக இறக்கி, பெடல் கொடுத்து, 65 நாட் வேகத்தில் ஆட்டோரொட்டேஷனுக்குள் நுழைந்தான்.' ஒரு விபத்து அறிக்கைக்கு இது போதும். ஆனால் சாதாரண வாசகர் என்ன நினைக்கிறார் தெரியுமா, எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று நினைக்கிறார். அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இறங்கும்போது கீழிருந்து மேலே வரும் காற்றே இறக்கைகளைச் சுழல வைக்கிறது, உயரத்தைச் செலவு செய்து சுழற்சியைக் காப்பாற்றிக்கொண்டே வந்து, தரைக்குச் சற்று மேலே அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் சக்தியை ஒரே ஒரு முறை பயன்படுத்தி மெதுவாக இறக்கலாம். ஒரே ஒரு முறை, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதுவும் சிறிய இயந்திரங்களில் எஞ்சின் நின்ற ஓரிரு விநாடிக்குள் கலெக்டிவ் என்ற நெம்புகோலைப் பிடித்திருக்கும் இடது கை கீழே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேமிக்கச் சுழற்சியே மிஞ்சாது. இவ்வளவு பெரிய நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 65 நாட் என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே.

இப்படி ஒரு முறை எழுதிப் பாருங்கள், என் வரிகள் வேண்டாம், போக்கை மட்டும் பாருங்கள்: 'முதலில் சத்தம் குறைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் அப்பாடா என்று மூச்சு விட்டதுகூட அவனுக்குக் கேட்டது. இடது கை அவனைக் கேட்காமலே கீழே போயிருந்தது. தலைக்கு மேலே இன்னும் சுழல்கிறது, அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. கீழே வேலியோரம் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் தெரிகிற உயரத்தில் ஒரு முறை இழுக்க வேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.' இதில் கலெக்டிவ் என்ற சொல்லே இல்லை, ஆனால் எந்தப் பைலட்டும் இதில் குறை சொல்ல மாட்டார், உங்கள் மனைவியும் பக்கத்தைத் திருப்புவார்.

எண்களையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். 'எரிபொருள் 38 நிமிடத்துக்கு இருக்கிறது' என்றால் யாருக்கும் புரியும், அதைப் படித்தபின் வாசகர் நிமிடங்களை எண்ண ஆரம்பித்துவிடுவார். டார்க் (முறுக்குவிசை) இத்தனை சதவீதம், எண்ணெய் அழுத்தம் இத்தனை என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் பயம் தரும்.

அப்புறம் நீளம். 1,80,000 வார்த்தை என்றால் அச்சில் 600 பக்கத்தைத் தொட்டுவிடும், முதல் நாவல் எழுதுகிறவரிடம் அந்தக் கனத்தைப் பார்த்தாலே தாள் செலவைக் கணக்குப் போட்டுத் தள்ளி வைக்கும் பதிப்பாளர்கள் நிறைய. ஒரு லட்சத்தை ஒட்டி வந்தால் நல்லது. 62 பக்கம் போனாலே கணிசமாகக் குறையும், மற்றது இரண்டாம் வாசிப்பில் தானாக உதிரும்.

இப்போது வாசகர்கள். நீங்கள் ஆயிரக்கணக்கில் நினைக்கிறீர்கள், எனக்கு இப்போதைக்கு உங்களிடம் ஏழு பேர் இருந்தால் போதும். அதில் பைலட் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அவர்களும் தவறு கண்டுபிடிக்கத்தான். உங்களோடு பறக்கும் நர்ஸ் அல்லது பாராமெடிக் ஒருவர், ஏனென்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் ஹெலிகாப்டர் வேறு, உங்களுடையது வேறு. மற்ற நான்கு பேரும் பறத்தலோடு சம்பந்தமே இல்லாதவர்கள், ஆனால் வருடத்துக்குப் பத்து நாவலாவது படிப்பவர்கள். வாசகர் வட்டம், நூலகத்தில் நடக்கும் கூட்டம், எழுத்துப் பட்டறை, இவற்றில் எங்கே போனாலும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். அங்கே போய் முதல் நாளே உங்கள் பிரதியை நீட்டாதீர்கள், மற்றவர்கள் எழுதியதை நாலைந்து மாதம் கவனமாகப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள், அப்புறம் உங்களுடையதை அவர்களே கேட்பார்கள்.

அவர்களிடம் 'எப்படி இருக்கிறது?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், நட்பு என்று ஒன்று இருக்கிறதே. உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர் ஒரு அனுமதி கொடுத்தால் நீங்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறீர்கள், அவர் சொன்னதும் உங்களுக்குக் கேட்டதும் ஒன்றுதானா என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடுகிறது. அதே ரீட்பேக்கை வாசகரிடம் கேளுங்கள். மூன்று அத்தியாயம் முடிந்ததும் கதையை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள், இவன் ஏன் மறுத்தான், யார் மேல் கோபமாக இருக்கிறான், அடுத்து என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். குறுக்கே பேசி விளக்கம் கொடுக்கக் கூடாது, அது ரொம்பக் கஷ்டம், ஆனாலும் கூடாது. அவர் சொல்வது நீங்கள் எழுதியதாக நினைத்ததோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, புத்தகத்தை எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார், எங்கே தாண்டிப் படித்தார் என்று பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால் வாதாடாமல் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் போட்டிருந்தால் அது அவர் ரசனையாக இருக்கலாம்.

முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்தால் கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், எழுதிய உடனே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் போய்ப் பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்றில்லை, குறைந்தபட்சம் உங்கள் வாழ்நாளுக்கும் அதன்பின் 50 வருடத்துக்கும் அது இருக்கும். ஒவ்வொரு பிரதியையும் தேதியோடு சேமித்து வையுங்கள், போதும்.

பதிப்பாளர் விஷயம். 11 பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கிறீர்கள், அதன் முதல் பத்தியில் நீங்கள் பறந்த மணிநேரங்களும் ஓட்டிய இயந்திரங்களின் பெயர்களும் இருக்கின்றன, நாயகன் நான்காவது பத்தியில்தான் வருகிறான். பதிப்பகத்தில் அந்தக் கடிதத்தைப் படிப்பவர் அன்றைக்கு இன்னும் 30 கடிதம் படிக்க வேண்டியவர். அவருக்கு முதலில் வேண்டியது கதை: இரவில் ஒரு அழைப்பை மறுத்த ஏர் ஆம்புலன்ஸ் பைலட், அவன் மறுத்தது தெரியாமல் கிளம்பிப்போய்ச் செத்தவர்கள், அதற்கப்புறம் அவன் என்ன செய்கிறான். இதை மூன்று நாலு வரியில் சொல்லிவிட்டு, அதன்பிறகு 'நான் எட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன்' என்று ஒரே வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி அந்த இடத்தில் வரும்போது அதற்கு வரும் கனம் தனி. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கூடவே முடிவையும் மறைக்காமல் சொல்லும் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம். முழுப் பிரதியை அவர்கள் கேட்டால் மட்டும்.

யாருக்கு அனுப்புவது என்பதில் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் பட்டியலில் இருக்கும் 11-இல் நான்கு பதிப்பகங்கள் நாவலே போடுவதில்லை, அவர்கள் புத்தகப் பட்டியலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் நாவலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய புத்தகத்தைப் போட்டவர் யார் என்று தேடுங்கள், அந்தப் புத்தகத்தின் நன்றியுரையைப் படியுங்கள், எடிட்டர் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்கும். பெரிய பெயர்களோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். டாம் கிளான்சி இன்சூரன்ஸ் முகவராக இருந்தபோது எழுதிய முதல் நாவலான 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' 1984-இல் வந்தது, அதைப் போட்டது கடற்படை சம்பந்தமான நூல்களை மட்டும் வெளியிட்டுவந்த நேவல் இன்ஸ்டிடியூட் பிரஸ், அதற்கு முன் அவர்கள் புது நாவல் எதையும் போட்டதே இல்லை. அங்கிருந்த எடிட்டர் கேட்டதன்பேரில் தொழில்நுட்ப விவரத்திலேயே சுமார் 100 பக்கம் குறைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பறத்தல், மீட்புப்பணி, மருத்துவம் சார்ந்து புத்தகம் போடும் சிறு பதிப்பகங்களையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

நீங்கள் எழுதும் மொழியில் இலக்கிய முகவர்கள் மூலம்தான் பிரதி போகும் என்றால் முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். முகவர் உங்கள் வருமானத்தில் பங்கு எடுப்பவர், வழக்கமாக 15 சதவீதம், படித்துப் பார்க்க முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு அனுப்பலாம், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் ஆகும். மௌனத்தை உங்கள் எழுத்தின் மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பல அலுவலகங்களில் மறுப்புக் கடிதம் எழுதக்கூட ஆள் இல்லை.

பணம் கட்டினால் அச்சிடலாம் என்றவருக்கு இப்போது பதில் எழுத வேண்டாம். அவர் உங்கள் நாவலைப் படித்ததற்கான அடையாளமே அந்தக் கடிதத்தில் இல்லை, நாயகன் பெயர்கூட அதில் வரவில்லை. பதிப்பாளர் என்பவர் தன் பணத்தைப் போடுகிறவர், விற்க வேண்டிய கட்டாயம் அதனால்தான் அவருக்கு வருகிறது. எழுதியவரிடமே செலவும் லாபமும் வசூலாகிவிட்டால் அவர் ஒரு பிரதியையாவது விற்க எதற்காக அலைவார்? நீங்களே வெளியிடுவது என்பது வேறு, அது நேர்மையான வழி. எடிட்டர், மெய்ப்புப் பார்ப்பவர், அட்டை ஓவியர் என்று தனித்தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு, ஆர்டர் வரவர அச்சடிக்கும் பிரின்ட் ஆன் டிமாண்ட் முறையில், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ உங்கள் பெயரிலேயே வாங்கி வெளியிடலாம். அப்போது உரிமை முழுதும் உங்கள் கையில் இருக்கும், விற்கும் வேலையும் முழுதும் உங்கள் தலையில் இருக்கும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து அதையும் செய்ய உங்களுக்குத் தெம்பு இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் ஒன்று வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று இடத்தைப் பாருங்கள். உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறீர்களா, இல்லை குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி மட்டும் தருகிறீர்களா. மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் இவற்றுக்கான பங்கு தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா. விற்பனை நின்றுபோனால் உரிமை எப்போது திரும்பும், அதற்கு ஒரு எண்ணிக்கை இருக்கிறதா. ஆர்டருக்கு அச்சடிக்கும் காலத்தில் எந்தப் புத்தகமும் 'அச்சில் இல்லை' என்ற நிலைக்கு வருவதே இல்லை, அதனால் 'வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே போனால்' என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றீர்கள். ஜேம்ஸ் சால்டர் கொரியப் போரில் பறந்த அமெரிக்கப் போர் விமானி, விமானப்படையில் இருக்கும்போதே முதல் நாவலை எழுதி, ஹொரோவிட்ஸ் என்ற சொந்தப் பெயரை விட்டுவிட்டு இந்தப் பெயரில் வெளியிட்டார், பிறகு அதுவே அவர் பெயராகிவிட்டது. புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் புனைபெயர் எல்லாவற்றையும் மறைத்துவிடாது. பணி ஒப்பந்தத்தில் வெளியே எழுதுவது பற்றி என்ன இருக்கிறது என்று படித்துவிடுங்கள், நீங்கள் ஏற்றிச்சென்ற எந்த நோயாளியையும் அடையாளம் காணும்படி ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

அதைவிட முக்கியம், உங்கள் கடிதத்தின் கடைசியில் அந்த விபத்து 'கொஞ்சம் நடந்ததுதான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது. செத்தவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. இடம், பருவம், இயந்திரம், பின்னால் இருந்தவர்களின் எண்ணிக்கை, எல்லாவற்றையும் மாற்றுங்கள், சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் ஒருவர் இந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்க நேர்ந்தால், ஏன் கிளம்பினார்கள் என்று யாரோ தன் வீட்டு மனிதரைக் குற்றம் சாட்டுவதாக அவருக்குத் தோன்றக் கூடாது. உங்கள் பிரதியில் இப்போது ஒரு இடத்தில் அப்படித் தோன்றுகிறது, 71-ஆம் பக்கம், 'அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்று நாயகன் நினைக்கும் வரி. அவன் நினைக்கலாம், அது மனித இயல்பு. ஆனால் அடுத்த பத்தியிலேயே நாவலும் அவனோடு சேர்ந்து தலையாட்டுகிறது, அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

இனி சில மாதங்களுக்குப் புதிதாக எந்தப் பதிப்பகத்துக்கும் அனுப்பாதீர்கள். விளக்குக் கம்பத்தில் தொடங்கும் முதல் மூன்று அத்தியாயங்களை எழுதுங்கள், ஏழு பேரிடம் கொடுங்கள், கோடுகளைப் பார்த்துத் திருத்துங்கள். பிறகு உங்கள் மனைவியிடம் எதுவும் சொல்லாமல் கொடுங்கள். அவர் மூன்றாம் அத்தியாயத்தை முடித்துவிட்டு நாலாவது எங்கே என்று கேட்ட அன்றைக்கு எனக்கு எழுதுங்கள், அந்தப் பக்கங்களையும் புதிய கடிதத்தையும் வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.